இரண்டு அளவு கூட்டி வாங்கிய சப்பாத்து

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்ட்ரியால்
19 நவம்பர் 1995

அன்புள்ள அண்ணை,

போன ஞாயிறு நீங்கள் ரெலிபோனில் கதைத்தபோது நான் நிறைய "ஓம்" சொன்னேன். அவற்றில் ஒன்றுகூட உண்மையான ஓம் இல்லை.

"உனக்கு ஒரு ஸ்னோபோட் இஞ்சயிருந்து எடுத்து அனுப்புறன், சரியோ?" என்றீர்கள். ஓம் என்றேன். "எது நல்லதெண்டு எனக்குத் தெரியும்தானே?" ஓம். வேறு ஒரு சொல் என் வாய்க்கு வருவதற்குள் உங்கள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது.

தயவுசெய்து அனுப்பவேண்டாம். பனியில் சறுக்குகிற அந்தப் பலகையை நானே தெரிவு செய்ய விரும்புகிறேன்.

மோன் கோர்போ மலைக் கன்ரீனில் நான் கோப்பை கழுவுவது உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்தபின் இலவசமாகச் சறுக்க விடுவார்கள். போன குளிர்காலம் முழுக்க வாடகைப் பலகையில் பழகினேன். வருகிற பெப்ரவரி பத்தாம் திகதி மலையின் கழகம் இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறது. கழகத்தில் சேர்ந்தால் பயிற்சி தருவார்கள். அடுத்த வருடம் பழக்குபவர் வேலையும் கிடைக்கும். அம்மா இப்படிச் சொல்லிவிட்டார்: "பெப்ரவரியில ஒண்டும் சரிவராட்டி மார்ச்சிலயிருந்து என்னோட பக்டரிக்கு வா." அதற்கும் ஓம் என்றேன்.

உங்கள் பக்கத்துப் பனி வேறு, அண்ணை. நீங்கள் அனுப்பிய படத்தில் கோதுமை மாவுக்குள் நிற்பவர்போல் இடுப்பளவு பனியில் நிற்கிறீர்கள். இங்கே பனி பெய்யும், பிறகு மழை பெய்யும், பிறகு எல்லாம் சேர்ந்து உறையும். மேலே இருக்கிற கொஞ்சத்தையும் ஆட்கள் சுரண்டிவிடுவார்கள். மிஞ்சுவது ஃபிரிட்ஜின் மேல்தட்டில் படிகிறதே, அந்த ஐஸ். அதில் பலகையைச் சரித்து, அதன் இரும்பு விளிம்பால் மட்டும் வெட்டித் திரும்பவேண்டும். அதைத்தான் கார்விங் என்கிறார்கள். அதற்கு ஒடுங்கிய, விறைப்பான பலகை வேண்டும். காலை அசையவிடாத பிளாஸ்டிக் சப்பாத்து வேண்டும். அகலமான பலகை ஆழமான பனியில் மிதப்பதற்கு. எனக்கு மிதக்க இங்கே ஒன்றும் இல்லை.

இதெல்லாம் எனக்கு, பற்றிக் என்று ஒருவர் சொல்லித் தெரியும். வாடகைக் கொட்டிலில் பலகைகளுக்கு விளிம்பு தீட்டுகிறவர். கேட்காமலே எல்லாவற்றையும் விளக்குவார். எனக்கு அது வசதி.

கோபிக்காதீர்கள்.

தக்ஷினி


விசிலர், பிரிட்டிஷ் கொலம்பியா
1 டிசம்பர் 1995

எடி தக்ஷினி,

உன்னுடைய கடிதம் இங்கே வந்தபோது பார்சல் வெளிக்கிட்டுப் போய்விட்டது. இனி வன்கூவர் பஸ்ஸைத் துரத்தவோ? இருந்து ஏற்றுக்கொள்.

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. இதுவும் கார்விங் பலகைதான். இங்கே ஊர்ப் பெடியள் எல்லாரும் ஓடுவது இதில்தான். நீல நிறம், நல்ல நீளம், நல்ல அகலம், மூக்குப் பக்கம் மெத்தென்று வளையும். நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஹொட்டலில் என்னோடு கோப்பை கழுவுகிற அவுஸ்திரேலியாக்காரனையும் இழுத்துக்கொண்டு போய், அவனை ஏறி நிற்கச் சொல்லிப் பார்த்துத்தான் எடுத்தேன். பனி எங்கே விழுந்தாலும் பனிதானேடி. மொன்ட்ரியாலில் மட்டும் என்ன கருப்பாகவா விழுகிறது?

நீ சொன்ன பிளாஸ்டிக் சப்பாத்தும் இருக்கிறது. அம்மாவிடம் உன் அளவைக் கேட்டு, இரண்டு அளவு கூட்டி எடுத்தேன். வளர்கிற பிள்ளை. அடுத்த வருடம் கடித்தால் என்ன செய்வது? இப்போதைக்கு இரண்டு சொக்ஸைப் போடு.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் எனக்குப் பனியைப் பற்றிப் பாடம் எடுக்கிறாய். அந்த வாயை வகுப்பில் திறந்திருந்தால் இப்போது கொலேஜில் இருந்திருப்பாய். சரி, பகிடிக்குச் சொன்னேன். பலகை வந்ததும் எழுது.

அண்ணன்,
திருமாறன்


பார்க் எக்ஸ்டென்ஷன்
20 டிசம்பர் 1995

அண்ணைக்கு,

பார்சல் வந்தது. அம்மா அதைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நிறுத்தி, மூக்கில் சந்தனப் பொட்டு வைத்து, "கும்பிட்டிட்டு எடு" என்றார். கும்பிட்டுவிட்டு எடுத்தேன். மெற்றோவில் எல்லாரும் பொட்டைப் பார்த்தார்கள்.

இனிச் சப்பாத்து. அம்மாவிடம் அளவு கேட்டீர்களே, அம்மா என்ன செய்தார் தெரியுமா? வாசலில் கிடந்த என் குளிர்சப்பாத்தைத் திருப்பிப் பார்த்து அடியில் இருந்த இலக்கத்தைச் சொல்லியிருக்கிறார். அதை வாங்கியதும் அம்மாதான். அதுவே ஓர் அளவு கூட. அதற்கு மேல் நீங்கள் இரண்டு. எனக்குப் பதினேழு வயது, அண்ணை. இரண்டு வருடமாக நான் வளரவில்லை.

சின்ன வயதிலிருந்து எனக்கு அளவான சப்பாத்து இருந்ததில்லை. புதிதாக இருக்கும்போது முன்னால் பஞ்சு அடைத்துப் போட்டேன். அளவாக வரும்போது அடி கழன்றுவிடும். பிறகு அடுத்தது, மறுபடியும் பஞ்சு. உங்களுக்கும் அப்படித்தானே வாங்கினார்கள்? நீங்கள் மறந்துவிட்டீர்களா?

சனிக்கிழமை மூன்று சொக்ஸ் போட்டு ஏறினேன். இந்தச் சப்பாத்தில் முழங்காலை மடக்கினால் பலகை உடனே திரும்பவேண்டும். ஆனால் உள்ளே என் குதி முதலில் எழும்புகிறது, கால் முன்னுக்குப் போகிறது, அதன்பிறகுதான் பலகைக்குச் செய்தி போகிறது. அதற்குள் அது பக்கவாட்டில் வழுக்கிவிடுகிறது. அந்த அகலத்தை ஐஸில் சரித்து நிறுத்த எனக்குப் பலம் போதாது. நிறுத்தினாலும் மெத்தென்ற மூக்கு தடதடவென்று உதறுகிறது. மேலே கம்பியில் தொங்குகிற கதிரையில் உச்சிக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க விழுந்தேன். முழங்கை இப்போது கத்தரிக்காய் நிறம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினீர்கள். பகிடி என்று கடைசியில் எழுதினால் முதலில் எழுதியது அழியாது. ஒவ்வொரு மாதமும் வகுப்புக்கு முன்னால் நின்று பிரெஞ்சில் பேசவேண்டும். நான் நிற்பேன். சத்தம் வராது. ஆசிரியை மணிக்கூட்டைப் பார்ப்பார். முப்பது பேர் என் வாயைப் பார்ப்பார்கள். அதற்குப் போகாமல் விட்டேன், பிறகு மற்றவற்றுக்கும் போகாமல் விட்டேன். மலையில் யாரும் என் வாயைப் பார்ப்பதில்லை. அதனால்தான் எனக்கு இது வேண்டும்.

தக்ஷினி


விசிலர்
5 ஜனவரி 1996

தங்கச்சி,

புதுவருட வாழ்த்து. உன்னுடைய கடிதம் என்னுடைய வருடத்தை நல்லாகத் தொடக்கி வைத்தது.

ஒரு சாமானை ஒரே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் குற்றம் சொல்கிறாய். நான் முதல் மாதம் முழுக்க விழுந்தேன். யாருக்காவது கடிதம் எழுதினேனோ? உடம்பைப் பின்னால் சாய்த்து மூக்கை எழும்பவிடு, பலகை தானாகப் போகும். இல்லையென்றால் நல்ல பனி விழும்வரைக்கும் பொறு. சப்பாத்துக்குள் இன்னுமொரு உள்ளடி போடு.

அம்மாவுடன் கதைத்தேன். "நல்ல வடிவான பலகை, பொட்டு வச்சனான்" என்கிறார். அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது, கடைக்காரனுக்குப் பிடித்திருக்கிறது, அவுஸ்திரேலியாக்காரனுக்குப் பிடித்திருக்கிறது. உனக்கு மட்டும் பிடிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இப்படி நடந்தது எனக்குத் தெரியாது. நீ சொன்னால்தானே தெரியும்.

அதை மாற்றுகிற எண்ணம் ஏதும் இருந்தால் இப்போதே விடு. அது நான் உனக்கு வாங்கியது.

திருமாறன்


பார்க் எக்ஸ்டென்ஷன்
22 ஜனவரி 1996

அண்ணைக்கு,

நல்ல பனி விழும்வரைக்கும் பொறுத்தேன். போன கிழமை விழுந்ததெல்லாம் மழை. கூரைத் தண்ணீர் பாதையில் ஓடி, வெள்ளிக்கிழமை அப்படியே உறைந்தது. கீழ்வீட்டுக்காரர் தபால் பெட்டிவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார். மலையில் பாதி வேலையாட்கள் வரவில்லை. நான் போனேன்.

நீங்கள் சொன்னபடி பின்னால் சாய்ந்து பார்த்தேன். பின்னால் சாய்ந்தபடியே விழுந்தேன்.

பற்றிக் பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போய், சொக்ஸ் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, கால் அளக்கும் தகட்டில் நிற்க வைத்தார். அளவைப் பார்த்தார். பிறகு நான் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்தார். "இது யாருடையது?" என்று கேட்டார். என்னுடையது என்றேன். "இல்லை," என்றார்.

அவரிடம் இரண்டு ஒடுங்கிய பலகைகள் இருந்தன. ஒன்று நீளம், பெரிய மலைகளில் வேகமாக ஓடுகிறவர்களுக்கு. மற்றது மஞ்சள், என் நாடியளவு உயரம், பழையது, கழகத்துக்குச் சொந்தமானது. முதலில் நீளமானதில் போனேன். பிடித்தது, ஆனால் ஒரு திருப்பம் முடிவதற்குள் மரங்கள் வந்துவிட்டன. நம்முடைய மலை சின்னது, பாதை ஒடுக்கம். மஞ்சளில் போனேன். அளவான சப்பாத்தில் முழங்காலைக் கொஞ்சம் சரித்தேன். விளிம்பு ஐஸுக்குள் இறங்கிய சத்தம் கேட்டது, தேங்காய் திருவுகிற மாதிரி. திரும்பினேன். மற்றப் பக்கம் திரும்பினேன். கீழே வந்து அண்ணாந்து பார்த்தால், பென்சிலால் கீறியதுபோல ஒரே ஒரு கோடு. அது நான் கீறியது.

பற்றிக் மஞ்சள் பலகையைப் பத்தாம் திகதிவரைக்கும் எனக்காக எடுத்து வைத்திருக்கிறார். அதன்பிறகு எனக்கென்று ஒன்று வேண்டும். பழைய பலகைகளை மாற்றிக் கொடுக்கிற கடை ஒன்று சென் தெனி தெருவில் இருக்கிறது. இரண்டு தரம் வாசல்வரைக்கும் போய்த் திரும்பினேன். உள்ளே போனால் கதைக்கவேண்டும். நீலப் பலகையை அங்கே மாற்ற எனக்கு உங்கள் சம்மதம் வேண்டும். இது நான் கேட்கிற முதல் கேள்வி. யோசித்துப் பதில் எழுதுங்கள்.

தக்ஷினி


விசிலர்
31 ஜனவரி 1996

தங்கச்சி,

மாற்றவேண்டாம். நான் வருகிறேன். ஒன்பதாம் திகதி பிளேனில் மலிவாக ஓர் இடம் கிடைத்திருக்கிறது. பத்தாம் திகதி உன்னோடு மலைக்கு வந்து, அந்தப் பலகையில் எப்படி ஓடுவது என்று நானே காட்டுகிறேன். எங்கேயோ இருந்த பற்றிக் வந்து என்னுடைய தங்கச்சியின் காலை அளக்கத் தேவையில்லை.

அம்மாவிடம் இறால் வாங்கி வைக்கச் சொல்.

திருமாறன்


பார்க் எக்ஸ்டென்ஷன்
15 பெப்ரவரி 1996

அண்ணைக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். வீட்டில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை கொட்டில் வாசலில் மஞ்சள் பலகையும் என் அளவுச் சப்பாத்தும் தயாராக இருந்தன. பற்றிக் விடிவதற்கு முன்பே வந்து விளிம்பைத் தீட்டியிருந்தார். நீங்கள் நீலப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். "இதிலதானே ஓடப்போறாய்? இதுக்காகத்தான் நாலாயிரம் கிலோமீற்றர் வந்தனான்" என்றீர்கள். பற்றிக்குக் கதை விளங்கவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று விளங்கியது. அவர் என் முகத்தைப் பார்த்து, நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.

நான் "ஓம்" என்றேன்.

தேர்வுக்காகச் சுற்றிவர நட்டிருந்த கம்பங்களில் முதல் இரண்டையும் எப்படியோ தாண்டினேன். மூன்றாவதில் சப்பாத்துக்குள் குதி எழும்பியது. மிச்சத்தை நீங்கள் பார்த்தீர்கள். பாதை ஓரத்து வலைவரைக்கும் வழுக்கிப் போய் நின்றேன். தேர்ந்தெடுத்த இரண்டு பேரையும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். இரண்டாவதாக வந்த பெண்ணை நான் மஞ்சள் பலகையில் எத்தனையோ தரம் முந்தியிருக்கிறேன். அது உங்களுக்குத் தெரியாது. கழகத்துக்கும் தெரியாது.

பிறகு நீங்கள், "காலைச் சரியா ஊண்டேல்லை நீ. தா, நான் காட்டுறன்," என்று பலகையை வாங்கி, உங்கள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஏறினீர்கள். நான் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. கன்ரீன் யன்னலால் பார்த்தேன். உச்சியிலிருந்து அடிவரைக்கும் முதுகில் வந்தீர்கள். தொப்பி பாதி வழியில் இறங்கிக்கொண்டது. கதிரையில் போன இரண்டு சின்னப் பிள்ளைகள் "பிராவோ, மெஸ்யூ!" என்று கை தட்டினார்கள். நான் கோப்பைகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். பிறகு அழுதேன். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு வெளிக்கிடும்போது வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னீர்கள்: "அவளுக்கு பக்டரிதான் சரி." நான் உங்கள் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

உங்களுடன் எனக்குப் பாதிக் கோபம். மற்றப் பாதி அந்த ஓமுடன்.

தக்ஷினி


விசிலர்
25 பெப்ரவரி 1996

அன்புத் தங்கச்சி,

இதை நின்றுகொண்டு எழுதுகிறேன். இன்னும் கதிரையில் இருக்க முடியவில்லை.

அது பனி இல்லையடி. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. ஏழு வருடம் மொன்ட்ரியாலில் இருந்தேன், அதில் நடந்தேன், அதில் பஸ்ஸுக்கு ஓடினேன், ஒரு நாளும் யோசிக்கவில்லை. நான் சறுக்கப் பழகியது இங்கேதான், இங்கே விழுந்தால் தலையணையில் விழுந்த மாதிரி. என்னுடைய மலையை உனக்குப் பார்சலில் அனுப்பினால் போதும் என்று நினைத்தேன்போல.

பக்டரி என்று சொன்னது விழுந்த வலியில். நோவும் வெட்கமும் ஒன்றாக வந்தால் நான் அப்படித்தான் கதைப்பேன். அம்மாவிடம் ரெலிபோனில் சொன்னேன், அது என்னுடைய வாய்ப் பிழை என்று. "சொன்னது சொன்னதுதான், நான் சுப்பர்வைசரிட்டக் கேட்டிட்டன்" என்கிறார். சொல் எவ்வளவு கெதியாகப் போகிறது பார், பலகையைவிட.

ஒரு வேலை செய். உன் காலை ஒரு தாளில் வைத்து, பென்சிலை நேராகப் பிடித்து, சுற்றிக் கீறி அனுப்பு. சொக்ஸ் இல்லாமல். நான் இங்கே அதே அளவில் சப்பாத்து எடுக்கிறேன். ஒடுங்கிய பலகையும் நானே தேடிப் பார்த்து எடுக்கிறேன். இந்த முறை பிழைக்காது. உனக்கு நான் வாங்கித் தராமல் வேறு யார் வாங்கித் தருவது?

அண்ணை


பார்க் எக்ஸ்டென்ஷன்
10 மார்ச் 1996

அன்புள்ள அண்ணை,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஏற்கெனவே கடைக்குப் போய்விட்டேன்.

சென் தெனி தெருவில் எதிரே இருக்கிற டெப்பனருக்குள், அதுதான் இங்கத்தைய மூலைக்கடை, முதலில் போய், வேண்டாத சூயிங்கம் ஒன்று வாங்கி, அதைச் சப்பி முடிக்கும்வரைக்கும் நின்றேன். பிறகு நீலப் பலகையோடு தெருவைக் கடந்தேன். விற்பனை செய்கிறவர் உங்களைப்போல. நான் வாய் திறப்பதற்குள் நீளப் பலகை ஒன்றை எடுத்துக் கையில் தந்து, "பந்தயக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள், இது உனக்குப் பொருத்தம்" என்றார்.

"நோன்" என்றேன். பிரெஞ்சில் இல்லை என்று.

அவர் காத்துக்கொண்டு நின்றார். அந்தக் கடையில் இன்னும் நாலைந்து பேர் நின்று என்னுடைய வாயைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் வராத பிரெஞ்சு பிழைபிழையாக வந்தது. எங்கள் மலை சின்னது என்றேன். பாதை ஒடுக்கம், நிலம் ஐஸ், திருப்பம் குறுகியதாக இருக்கவேண்டும் என்றேன். நாடியளவு உயரம், நடுவில் ஒடுக்கம், மூக்கு வளையக்கூடாது என்று கையால் காட்டினேன். உள்ளே போய் ஒரு சிவப்புப் பலகையைக் கொண்டுவந்தார். அழுத்திப் பார்த்தேன், வளையவில்லை. விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தேன், நகத்தைச் சீவியது.

சப்பாத்து எடுக்கும்போது, "வசதிக்கு ஓர் அளவு கூட எடுக்கிறாயா?" என்று கேட்டார். எல்லா ஊரிலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள், அண்ணை. இரண்டாவது "நோன்" சொன்னேன். இது சுகமாக வந்தது.

நீலப் பலகையை மாற்றுக்கு எடுத்துக்கொண்டார். மேற்கே போகிற யாராவது வாங்குவார்கள் என்றார். பொட்டு அழியாமல் இருந்தது. நான் துடைக்கவில்லை. உங்கள் சம்மதத்துக்குக் காத்திருக்கவும் இல்லை.

நேற்று மலையில் ஓடினேன். கோடு விழுந்தது, ஒன்றல்ல, பல, மேலிருந்து கீழ்வரைக்கும். பிறகு கழகப் பயிற்சியாளரிடம் போனேன். இன்னொரு தரம் ஓடிக் காட்டலாமா என்று கேட்டேன். "முடியாது, இந்த வருடத்துக்கு ஆட்கள் எடுத்தாகிவிட்டது. டிசம்பரில் வா," என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து, "உன் பெயர் என்ன?" என்று கூப்பிட்டுக் கேட்டார். சொன்னேன். விளங்கவில்லை என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

நாளை முதல் பக்டரி. அம்மாவோடு காலை பஸ். எனக்கு அது பிடிக்கவில்லை, பிடித்த மாதிரி எழுதவும் மாட்டேன். அந்த மூன்றாவது கம்பத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் பெயர் பதியப் போன அன்று சுப்பர்வைசர் சனிக்கிழமையும் வரச் சொன்னபோது அம்மா எனக்காக "ஓம்" சொல்ல வாய் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். சனி ஞாயிறு எனக்கு மலை.

நீங்கள் கேட்டபடி காலைக் கீறி இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றும் வாங்குவதற்காக இல்லை. எனக்கு இவ்வளவுதான் கால் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இதில் ஒன்றையும் கூட்டவேண்டாம்.

ஞாயிறு ரெலிபோன் எடுங்கள். நான் இடையில் "இல்லை" என்று சொன்னால், லைன் பிழை என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
தக்ஷினி